லிபியா-4 தளத்தில் எல்லாப் பட்டைகளும் திடீரென ஏறிவிட்டன: உணர்வி பழுதா?

கேள்வி:
சென்டினல்-2ஏ செயற்கைக்கோள் உணர்வியின் அளவுத்திருத்தம் (அது தரும் எண்கள் உண்மை ஒளியளவோடு பொருந்துவது) ஆண்டுக்கணக்கில் நிலையாக நிற்கிறதா என்று பார்க்கிறேன். அதிகம் மாறாத பரப்பு என்பதால் ஒப்பீட்டுக்குப் பயன்படும் லிபியா-4 பாலைவனத் தளத்தின் மேகமற்ற எல்1சி (வளிமண்டல விளைவை நீக்காத) படங்களை எடுத்து, 2016 முதல் சராசரியைக் குறித்து வந்தேன். 2021 முடிய வரைபடம் ஒழுங்காகப் போகிறது. 2022 ஜனவரிக் கடைசியில் படிக்கட்டு ஏறியதுபோல் எழும்பிவிட்டது. நீலப் பட்டை (உணர்வி தனியே அளக்கும் ஓர் அலைநீளப் பகுதி) 2487 இருந்தது 3491 ஆனது. சிவப்பு 4602 இருந்தது 5596. மணல் ஒரு வாரத்தில் வெளுத்துவிடாது. இரண்டு நாளாக நிரலைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். இத்தனை ஆண்டுத் தரவும் வீணாகிவிடுமோ என்று கவலையாக இருக்கிறது.

பதில்:
வீணாகாது. உங்கள் எண்களிலேயே விடை இருக்கிறது. இரண்டு பட்டையிலும் கூடியது ஏறத்தாழ 1000. உணர்திறன் ஒரே விகிதத்தில் மாறியிருந்தால், நீலம் 1000 ஏறும்போது சிவப்பு 1850 அளவுக்கு ஏறியிருக்க வேண்டும். அதோடு, உணர்வி தேய்ந்தால் மதிப்பு மெல்லமெல்ல இறங்கும், இப்படிக் குதிக்காது.

2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களைத் தயாரிக்கும் மென்பொருளின் செயலாக்கப் பதிப்பு 04.00 நடைமுறைக்கு வந்தது. இருண்ட பரப்புகளில் இரைச்சலால் சுழியத்துக்குக் கீழே போகும் மதிப்புகள் வெட்டுப்படாமல் இருக்க, எண்களோடு 1000 கூட்டித் தருகிறார்கள். 1000ஐக் கழித்து 10000ஆல் வகுத்தால் எதிரொளிப்பு (விழும் ஒளியில் திரும்பும் பங்கு) கிடைக்கும். ஆனால் படம் எடுத்த தேதியை வைத்துக் கழிக்காதீர்கள். பழைய படங்களையும் மறுசெயலாக்கம் செய்து வெளியிட்டிருக்கிறார்கள்; அவற்றிலும் இந்த 1000 உண்டு. கோப்புப் பெயரில் 'N' எழுத்தை அடுத்து வரும் நான்கு இலக்கமே பதிப்பு எண் (04.00 என்பது 0400); அதைப் பார்த்துக் கழியுங்கள். மதிப்பு 0 என்றால் அங்கே தரவு இல்லை என்று பொருள். அதில் கழிக்க வேண்டாம்.

கேட்டவர்:
படி மறைந்துவிட்டது, மிக்க நன்றி! 2018இல் தனியே மேலே நின்ற மூன்று புள்ளிகளை மேகம் என்று நீக்கியிருந்தேன். அவையும் மறுசெயலாக்கம் செய்த 05.00 பதிப்புப் படங்கள்தாம், திரும்பச் சேர்த்துவிட்டேன். இப்போது ஆண்டுதோறும் ஓர் அலை தெரிகிறது. நேர்கோடு பொருத்தினால் சிறு சரிவும் வருகிறது. இது தேய்மானமா?

இன்னொரு பதில்:
அலைக்குப் பெரும்பாலும் சூரியன்தான் காரணம். பருவத்தோடு சூரியக் கோணம் மாறும்போது மணற்குன்றுகளின் எதிரொளிப்பும் மாறும். அலையின் நடுவில் தொடங்கி நடுவில் முடித்தால் இல்லாத சரிவும் தோன்றும். ஆகவே முழு ஆண்டுகளை மட்டும் எடுங்கள். அல்லது ஜூனை ஜூனோடு ஒப்பிடுங்கள். ஒரே இடத்தை அடுத்தடுத்த சுற்றுப்பாதைகளிலிருந்து பார்க்கும்போது பார்வைக் கோணம் வேறாகும், அவற்றையும் பிரித்துவிடுங்கள். இணைச் செயற்கைக்கோளான சென்டினல்-2பியின் படங்களைக் கலக்கவே கூடாது.

பிறகும் சரிவு இருந்தால் இதேபோன்ற இன்னொரு பாலைவனமான அல்ஜீரியா-3 தளத்திலும் இதே கணக்கைச் செய்யுங்கள். இரண்டு பாலைவனமும் ஒரே சரிவைச் சொன்னால்தான் உணர்வியைச் சந்தேகிக்கலாம். அளவுத்திருத்தத்துக்காகச் செயற்கைக்கோளிலேயே இருக்கும் சூரிய ஒளிச் சிதறல் தகடும் வெயிலில் தேயக்கூடியது என்பதால், வெளியே ஒரு சாட்சி எப்போதும் வேண்டும். லேண்ட்சாட் 8 என்ற இன்னொரு செயற்கைக்கோள் மாதந்தோறும் நிலவைத் திரும்பிப் பார்ப்பதும் அதற்காகத்தான்.

நீலப் பட்டையிலிருந்து தொடங்குங்கள். தேய்மானம் பல உணர்விகளில் குறுகிய அலைநீளங்களில்தான் முதலில் தெரிந்திருக்கிறது. இரண்டு தளத்தின் சரிவையும் பிழை வரம்போடு இங்கே இடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.