விடுதி இணையதளத்துக்கு வரவேற்புரை தேவையா?

முத்தியால்பேட்டை: புதுச்சேரியில் சின்னச் சின்ன விடுதிகளுக்கு இணையதளம் எழுதித் தருகிறேன். "எழில் கொஞ்சும் புதுவைக்கு அன்புடன் வரவேற்கிறோம்" என்று ஆரம்பித்து நான்கு பத்தி ஓடுவதை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. வாடகை, கார் நிறுத்த இடம், ரத்து செய்தால் பணம் திரும்புமா, இவைதான் மேலே வர வேண்டும்.

சில்வர்பீச்: ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. வீட்டுக்கு வந்தவரை "வாங்க" என்று கூப்பிடாமல் வாடகைச் சீட்டை நீட்டுவோமா? ஊரைப் பற்றி நாலு வரி படித்தால்தான் வர ஆசை பிறக்கும்.

முத்தியால்பேட்டை: அண்ணே, அந்த நாலு வரியை யார் படிக்கிறார்கள்? 1997-இல் இணையதளப் பயன்பாட்டை ஆராய்ந்த மோர்க்ஸும் நீல்சனும் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலச் சுற்றுலா பற்றிய ஒரு தளத்தைப் பல விதமாக எழுதிச் சோதித்தார்கள். புகழ்ச்சியை மட்டும் நீக்கியதற்கே, தளத்தைப் பயன்படுத்தும் எளிமை அவர்கள் அளவீட்டில் 27 சதவீதம் கூடியது. சொற்களைப் பாதியாகக் குறைத்ததற்கு 58 சதவீதம்.

சில்வர்பீச்: அது அந்தக் காலத்து அமெரிக்கா. நம்மூர்க் குடும்பங்கள் ஆள் யார், எப்படி என்று தெரிந்து, நம்பிக்கை வந்த பிறகுதான் முன்பணம் கட்டும்.

திருப்பாதிரிப்புலியூர்: எனக்குப் பார்வை கிடையாது, திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருளில் படிக்கிறேன். வரவேற்புரை இருந்தாலும் ஹெச் விசையை அழுத்தி அடுத்த தலைப்புக்குத் தாவிவிடுவேன். ஆனால் அது பக்கத்தின் நிரலில் தலைப்பு என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். எழுத்தை வெறுமனே தடிமனாக்கினால் தாவ முடியாது. இணைப்புகளை மட்டும் பட்டியலாக எடுத்தால் வரிசையாக "இங்கே சொடுக்கவும்", "இங்கே சொடுக்கவும்" என்றே கேட்கிறது. எது முன்பதிவு, எது வழி காட்டும் வரைபடம்? "அறை முன்பதிவு" என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? வாடகைப் பட்டியலைப் படமாகப் போடுகிறார்கள், படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்லும் மாற்று உரையும் தருவதில்லை. அங்கே எனக்கு ஒன்றுமே கேட்காது. யாரையாவது கூப்பிட்டுத்தான் விலை தெரிந்துகொள்ள வேண்டும். தயவுசெய்து முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

சில்வர்பீச்: படமாகப் போடுவது தப்புதான், நானே போய்ச் சொல்வேன். வரவேற்பு விஷயத்தில் மட்டும் மாற மாட்டேன்.

முத்தியால்பேட்டை: சரி, இந்த வரியைப் பாருங்கள்: "கடற்கரைச் சாலைக்கு நடந்தே போகலாம். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. குழந்தைகளோடு நிம்மதியாக நடக்கலாம்." இதில் "எழில்" என்ற சொல்லே இல்லை.

சில்வர்பீச்: இதைப் படித்தால் வரத் தோன்றுகிறது, உண்மைதான். இதை மேலே போடு. ஆனால் விடுதிக்காரர் தன் தாத்தா கட்டிய வீட்டைப் பற்றி எழுதியதை வெட்டாதே. கீழேயாவது இருக்கட்டும்.