புது ஸ்னோமொபைல் எடுத்ததும் எதையெல்லாம் சோதித்தீர்கள்?

புது வண்டிதானே, சாவியைப் போட்டால் ஓடும் என்று நம்பி எடுப்பவர்களுக்காக இந்த விவாதத்தைத் தொடங்குகிறேன், உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள். பனியில் ஓடும் ஸ்னோமொபைல் பெரும்பாலும் பெட்டிக்குள் அடங்கும்படி ஸ்கீ (முன்னால் வழுக்கிச் செல்லும் இரண்டு சறுக்குப் பலகைகள்), ஹேண்டில்பார், முன்கண்ணாடி எல்லாம் கழற்றிய நிலையில்தான் டீலரிடம் வந்து இறங்கும். மிச்ச வேலை சீசன் தொடங்கும் அவசரத்தில் யாரோ ஒரு மெக்கானிக் கையால் முடிகிறது. கோளாறு நுழைவது அங்கேதான்.

என் வண்டி வந்தபோது ஹேண்டில்பாரை நேராகப் பிடித்தால் ஸ்கீ இரண்டும் இடப்பக்கம் பார்த்தன. ஸ்கீக்கு அடியில் பனியைப் பற்றிக்கொள்ள இருக்கும் கார்பைட் கம்பிகள் இரண்டுக்கும் நடுவேயுள்ள தூரத்தை, முன்முனையிலும் பின்முனையிலும் டேப் வைத்து அளந்தேன். பின்பக்கத்தைவிட முன்பக்கம் சில மில்லிமீட்டர் அகலமாக இருக்க வேண்டும். எனக்கோ உள்நோக்கிக் குறுகியிருந்தது. அப்படியே ஓட்டினால் கெட்டிப் பனியில் வண்டி அலைபாயும். ஸ்கீ இணைப்புகளில் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் உண்டு. இரண்டு ஸ்கீ நுனிகளையும் ரப்பர் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு அளந்து பாருங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அளவு வரும்.

* * *

ஸ்கீயைவிட எனக்குத் தலைவலி கொடுத்தது ட்ராக், அதாவது அடியில் சுற்றி வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டை. முதல் நாளே பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அடியிலிருந்து 'டக் டக்' என்று சத்தம். டீலரிடம் சொன்னால் "புதுசு சார், ஓட ஓடச் சரியாகிடும்" என்றார். சரியாகாது. ட்ராக் தளர்ந்து, உள்ளே சுற்றும் பல்சக்கரத்தின் மேல் ஏறித் தாவும் சத்தம் அது. புது ட்ராக் ஓட ஓட இன்னும் நீளுமே தவிர இறுகாது.

பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினேன். கீழ்ப்பக்க ட்ராக்கின் நடுவில் மேனுவலில் சொன்ன எடையைத் தொங்கவிட்டு, பிளாஸ்டிக் ஸ்லைடருக்கும் (ட்ராக் வழுக்கி ஓடும் பட்டை) அதன்மேல் உரசும் ட்ராக்கின் உலோகக் கிளிப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்த்தேன். எடையும் அளவும் மாடலுக்கு மாடல் மாறும், அடுத்தவர் சொன்ன எண்ணை வைத்து இறுக்காதீர்கள். அளவுக்கு மீறி இறுக்கினாலும் கேடுதான்: ஸ்லைடர் தேயும், பேரிங் போகும், இன்ஜினின் பலத்தையும் தின்றுவிடும்.

இறுக்கியதோடு விட்டுவிடக் கூடாது. தூக்கி நிறுத்தியபடியே ட்ராக்கை மெதுவாகச் சுற்றவிட்டு, இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் ஒதுங்கினால், எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்க போல்ட்டைக் கால் திருப்பு இறுக்கி, மறுபடி சுற்றவிட்டுப் பார்க்க வேண்டும். சுற்றும்போது பின்னால் யாரும் நிற்கவே கூடாது, குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. ஒரு கல்லோ ட்ராக்கில் பதித்த ஸ்டட்டோ (உலோக முள்) தெறித்தால் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும்.

* * *

மேலே ட்ராக் பற்றி அண்ணா சொன்னதோடு, இன்ஜினின் சக்தியை முன் கிளட்ச்சிலிருந்து பின் கிளட்ச்சுக்குக் கடத்தும் பெல்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் வண்டி ஐட்லிங்கில் நிற்காமல் தானாகவே முன்னால் நகர்ந்தது. ரிவர்ஸ் போடவும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மூடியைத் திறந்தால், பின் கிளட்ச்சின் விளிம்புக்கு மேலே பெல்ட் நன்றாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதாவது மிக இறுக்கம். சரிசெய்யும் போல்ட்டைக் கொஞ்சம் திருப்பி, விளிம்போடு ஒட்டினாற்போல் கொண்டுவந்ததும் நகர்வது நின்றது. நேர்மாறாக, பெல்ட் உள்ளே அமுங்கிக் கிடந்தால் கிளம்பும்போது இழுவை மந்தமாக இருக்கும். புது பெல்ட்டைப் போட்டதும் முழு த்ராட்டில் கொடுக்காதீர்கள், முதலில் கொஞ்ச தூரம் வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டிப் பழக்குங்கள்.

* * *

என் அனுபவம் சின்னதுதான். கிரீஸ் நிப்பிளில் கன் வைத்து அடித்தபோது ஏகப்பட்டது உள்ளே போனது. சஸ்பென்ஷன் கிட்டத்தட்ட வறண்டு கிடந்திருக்கிறது! செயின்கேஸ் (ட்ராக்கைச் சுற்றும் செயின் இருக்கும் பெட்டி) ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் மூன்றும் குறைவாக இருந்தன. இன்ஜின் ஒருமுறை சூடாகி ஆறியபின் கூலன்ட் இன்னும் இறங்கியது, உள்ளே இருந்த காற்று அப்போதுதான் வெளியேறியிருக்கும். அதனால் முதல் ஓட்டத்துக்குப் பிறகும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

* * *

ஒன்று விட்டுப்போயிற்று. வெறும் ஐஸ் மேல் ஓடும்போது இன்ஜின் சூடானால் உடனே வண்டியைக் குறை சொல்லாதீர்கள். ட்ராக் வாரி அடிக்கும் பனிதான் அடியிலுள்ள ரேடியேட்டரையும் ஸ்லைடரையும் குளிரவைக்கிறது. அந்த மாதிரிப் பாதைக்கு ஐஸைச் சுரண்டித் தூவும் ஸ்கிராட்சர் வேண்டும். என் வண்டியில் அது மடக்கிக் கட்டியபடியே இருந்தது, இறக்கிவிடும் வரை சூடு குறையவில்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் மறக்காமல் மேலே தூக்கிவிடுங்கள், சில வகை வளைந்து உடைந்துவிடும்.

அப்புறம், நட்டு போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து ஒரு சுற்று பார்த்துவிட்டு, தலையில் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தேன். அடுத்த தடவை கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தாலே போதும், எது தளர்ந்தது என்று தெரிந்துவிடும்.