கான்ட் சார்ட்டில் 28 நாள் க்யூரிங் 12-ஆம் வாரத்துக்குப் போகிறது, ஏன்?

சிவில்_இறுதியாண்டு:
நான்கு பேர் குழு, 16 வார ப்ராஜெக்ட். சிமெண்டுக்குப் பதில் 0, 10, 20, 30, 40 சதவீதம் ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) போட்டு கான்கிரீட் கியூப் (கனசதுரக் கட்டி) அழுத்த வலிமை பார்க்கிறோம். கலவைக்கு 6 கியூப்: 7 நாளுக்கு 3, 28 நாளுக்கு 3. கடைசி காஸ்டிங் (வார்ப்பு) 6-ஆம் வாரம் வெள்ளி. விரல்விட்டு எண்ணினால் 28 நாள் க்யூரிங் (தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து இறுகவிடுவது) 10-ஆம் வாரம் வெள்ளியில் முடிகிறது. கான்ட் சார்ட் (வேலைகளைத் தேதிவாரியாகக் கோடு போட்டுக் காட்டும் அட்டவணை) வரையும் கான்ட்ப்ராஜெக்ட் சாஃப்ட்வேர் 12-ஆம் வாரம் புதன் என்கிறது. இரண்டாம் ரிவ்யூ 11-ஆம் வாரம். எது சரி?

கம்பிகட்டி:
உங்கள் விரல்தான் சரி. சாஃப்ட்வேர் சனி, ஞாயிறை விட்டுவிட்டு 28 வேலைநாளை எண்ணியிருக்கிறது: திங்களில் தொடங்கி ஐந்து வாரமும் மூன்று நாளும். கான்கிரீட்டுக்கு ஏது ஞாயிறு? காலெண்டரில் ஏழு நாளையும் வேலைநாளாக்குங்கள். எம்எஸ் ப்ராஜெக்ட் என்றால் 28-க்குப் பின்னால் இ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்தைச் சேர்த்தால் விடுமுறையையும் சேர்த்தே எண்ணும்.

7, 28 இரண்டும் ஏழின் மடங்கு என்பதால் வார்த்த கிழமையிலேயே சோதனை வரும். லேப் பூட்டியிருக்கும் கிழமையில் வார்க்காதீர்கள். அரசு விடுமுறையை மட்டும் தனியாகப் பாருங்கள்.

மிக்ஸ்டிசைன்:
அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஃப்ளை ஆஷ் மெதுவாகத்தான் வலிமை ஏறும். 40 சதவீதக் கலவை 28 நாளில் குறைவாகக் காட்டினால் ரிவ்யூவில் 56 நாள் முடிவு கேட்பார்கள். அப்போது கியூப் இருக்காது. கலவைக்கு 9 ஆக்குங்கள், மொத்தம் 45. 56 நாள் 14-ஆம் வாரம் வெள்ளியில் முடியும். அறிக்கையில் அந்த அட்டவணையைக் காலியாக விட்டு மற்ற அத்தியாயங்களை க்யூரிங் சமயத்திலேயே எழுதிவிடலாம்.

சிவில்_இறுதியாண்டு:
நன்றி. ஆனால் லேபில் மோல்ட் (கியூப் வார்க்கும் அச்சு) ஆறுதான் இருக்கிறது.

மிக்ஸ்டிசைன்:
மூன்று இரவல் வாங்குங்கள். ஒரே கலவையை இரண்டு நாள் பிரித்து வார்த்தால் பேட்ச் (ஒரு தடவை கலக்கும் கான்கிரீட்) வேறுபாடும் முடிவில் கலந்துவிடும். ஒன்பது இருந்தால் காலையில் கழற்றி, துடைத்து, எண்ணெய் தடவி, மதியம் அடுத்த கலவை. திங்கள் முதல் வெள்ளிக்குள் ஐந்தும் முடியும். வெள்ளியன்று வார்த்ததைச் சனியன்று கழற்ற ஆள் வேண்டும், அதையும் சார்ட்டில் ஒரு வரியாகப் போடுங்கள்.

கம்பிகட்டி:
திட்டக் கோட்டைப் பேஸ்லைனாக (பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கும் மூலத் திட்டமாக) சேமித்துவிட்டு அதைத் தொடாதீர்கள். உண்மையில் நடந்த தேதி அதன் கீழே தனிக் கோடாக வரட்டும். '90 சதவீதம் முடிந்தது' என்று போட ஆரம்பித்தால் நான்கு வாரமும் அதுவே நிற்கும்; 0, 50, 100 மூன்றே போதும். சார்ட்டில் உள்ள வரி எண்ணையே கியூப் மேலும் பெயிண்டால் எழுதுங்கள். சாக்பீஸ் எழுத்து தொட்டியில் அழிந்துவிடும்.