புதுப்பிப்பு: மெய்நிகர் பிணைய அட்டையும் கிடைக்காத வெக்டார்களும்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் உள்ள எங்கள் சிறிய அலுவலகத்தில், 16 செயலிகள் ஒதுக்கப்பட்ட மெய்நிகர் இயந்திரத்தில் நான் எழுதிய பிணைய அட்டை டிரைவர் (அட்டையை இயக்கும் மென்பொருள்) -28 என்ற பிழையுடன் நின்றுவிடுகிறது என்று சென்ற வாரம் இந்த இழையில் கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது, தவறு என்னுடையதே.

ஹோஸ்டில் (மெய்நிகர் இயந்திரம் ஓடும் உண்மையான கணினியில்) வெக்டார்கள், அதாவது சாதனம் செயலியின் கவனத்தைக் கோரும் குறுக்கீடுகளுக்கான எண்கள், தீர்ந்திருக்கலாம் என்று பலர் ஊகித்தீர்கள். நானும் இரண்டு நாள் அங்கேயே தேடினேன். உண்மையில், எஸ்ஆர்-ஐஓவி (ஓர் அட்டையைப் பல மெய்நிகர் சாதனங்களாகக் காட்டும் முறை) மூலம் இயந்திரத்துக்குக் கொடுத்த அந்தச் சாதனத்தின் எம்எஸ்ஐ-எக்ஸ் (குறுக்கீட்டைக் கம்பிக்குப் பதில் செய்தியாக அனுப்பும் முறை) அளவுப் புலத்தில் 4 என்றே இருந்தது. அங்கு எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தே எழுதுவார்கள் என்பதால், அட்டவணையில் 5 இடங்கள் மட்டுமே. தரநிலை 2048 வரை அனுமதிக்கிறதே என்ற தைரியத்தில், செயலிக்கு ஒன்றும் நிர்வாகத்துக்கு ஒன்றுமாக, வெக்டார்களைக் கேட்கும் அழைப்பில் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டுக்கும் 17 என்று கொடுத்திருந்தேன். குறைந்தபட்சம் கிடைக்காதபோது, இருப்பதைத் தந்து சமாளிக்காமல், இடமில்லை (அதுதான் -28) என்று இயங்குதளத்தின் மையமான கெர்னல் திருப்பிவிடும்.

இப்போது குறைந்தபட்சத்தை 2 ஆக்கி, அழைப்பு திருப்பித் தரும் எண்ணைக் கொண்டே தரவுப் பொதிகளுக்கான வரிசைகளை அமைக்கிறேன்: 5 கிடைத்தால் 4 வரிசைகள், மீதி ஒன்று நிர்வாகத்துக்கு. நிர்வாக வெக்டார் செயலிகளுக்குப் பங்கிடப்படாமல் இருக்க, அதை முன்பகுதியில் தனியே ஒதுக்கினேன். இத்தகைய சாதனத்தில் பழைய கம்பிவழிக் குறுக்கீடு இல்லாததால், அதற்குத் திரும்பும் பகுதியை நீக்கிவிட்டேன்.

டிரைவரை அகற்றும்போது கையாளிகளை (குறுக்கீடு வரும்போது ஓடும் நிரல்பகுதிகளை) விடுவித்த பின்னரே வெக்டார்களை விடுவிக்க வேண்டும். அதையும் தலைகீழாகத்தான் எழுதியிருந்தேன்.