உறைபனி எச்சரிக்கை: 2021 பிப்ரவரியை டெக்சஸில் கடந்தவர்கள் சொல்லுங்கள்

கேட்டி, ஹூஸ்டன் அருகில்
வணக்கம். கோவையிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள் நாங்கள். இந்த வார இறுதியில் கடும் உறைபனி இருக்கும் என்று வானிலை மையம் எச்சரித்திருக்கிறது. வீட்டில் கைக்குழந்தையும் வயதான மாமியாரும் இருக்கிறார்கள். அடுப்பு, வெந்நீர், ஹீட்டர் எல்லாமே மின்சாரத்தில்தான். 2021 பிப்ரவரி உறைபனியில் மின்சாரம் நாள்கணக்கில் நின்றபோது இங்கே இருந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

ஆஸ்டின்
தங்கைக்கு வணக்கம். அந்த ஞாயிறு பனி விழுந்தபோது பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். பிப்ரவரி 15 விடிவதற்கு முன்பே மின்சாரம் போய்விட்டது. சுழற்சி முறையில்தான் நிறுத்துகிறார்கள், சற்று நேரத்தில் வந்துவிடும் என்றார்கள். எங்கள் தெருவுக்குப் புதன்கிழமை வரை வரவில்லை. மருத்துவமனை இருக்கும் மின்தடங்களை அணைக்க முடியாது. மீதமிருந்தவற்றில் மாற்றி மாற்றிக் கொடுக்கும் அளவுக்கு மின்சாரம் இல்லை. இருண்ட தெருக்கள் இருண்டபடியே கிடந்தன.

இங்குள்ள வீடுகள் வெயிலை வெளியே நிறுத்தக் கட்டியவை. ஒரே இரவில் உள்ளே கைகால் விறைத்துப்போனது. எல்லோரும் ஒரே அறைக்குள் போய், ஜன்னல்களில் ஜமுக்காளம் மாட்டி, கதவிடுக்கில் துண்டைத் திணித்துக்கொண்டோம். பக்கத்து வீட்டு அம்மாவிடம் எரிவாயு அடுப்பு இருந்தது, தீக்குச்சியால் பற்றவைத்துக்கொள்ளலாம். எங்கள் அரிசியும் பருப்பும் அங்கே போயின. பிளாஸ்க் நிறைய வெந்நீரும் சுடச்சுட ரசம் சாதமும் திரும்பி வந்தன. உங்கள் தெருவில் யார் வீட்டில் எரிவாயு அடுப்பு இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டுவையுங்கள்.

அடுத்தது தண்ணீர். குழாயில் அழுத்தம் குறைந்து, கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று நகரம் முழுவதற்கும் அறிவித்தார்கள். கொதிக்கவைக்க மின்சாரம் எங்கே? குடிக்கவும் குழந்தையின் பாலுக்கும் இப்போதே பாத்திரங்களில் பிடித்து மூடிவையுங்கள். கழிப்பறைக்குக் குளியல் தொட்டியை நிரப்புங்கள். நாங்கள் பனியை வாளியில் அள்ளி உருக்கி ஊற்றினோம்.

சுகர்லேண்ட்
எங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாய்கள் கூரைக்கடியில், பரண் வழியாக ஓடுகின்றன. இந்தப் பக்கத்தில் பல வீடுகள் அப்படித்தான். 16-ஆம் தேதி ஹூஸ்டனில் வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போனது. உறைந்த குழாய் வெடித்திருப்பது அப்போது தெரியாது. பனி உருகியபோதுதான் மேல்கூரை ஊறி, அட்டை அட்டையாகப் படுக்கையின் மேல் விழுந்தது. பிளம்பர் கிடைக்க வாரக்கணக்கில் ஆனது.

தெருவோர மீட்டர் பெட்டிக்குள் முதன்மை வால்வு இருக்கும். அதைத் திருப்ப நீளமான சாவி வேண்டும். முன்கூட்டியே ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வெளிக்குழாய்களுக்கு உறை போடுங்கள், சமையலறைத் தொட்டியின் கீழ் அலமாரியைத் திறந்துவையுங்கள், குழாயை மெல்லிதாகச் சொட்டவிடுங்கள். மின்சாரம் போய் வீடு குளிரத் தொடங்கினால் வால்வை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து வடித்துவிடுங்கள்.

பிளேனோ, மின்துறைப் பொறியாளர்
டெக்சஸின் பெரும்பகுதிக்குத் தனி மின்கட்டமைப்பு. அண்டை மாநிலங்களிலிருந்து பெரிய அளவில் மின்சாரம் வாங்க வழியில்லை. எரிவாயுக் கிணறுகள் உறைந்ததால் மின்நிலையங்களுக்கு எரிவாயு குறைந்தது. மின்வெட்டில் எரிவாயுத் துறையின் எந்திரங்களும் சிக்கி, இன்னும் குறைந்தது. 15-ஆம் தேதி அதிகாலையில் அந்தப் பற்றாக்குறை இன்னும் 4 நிமிடம் 37 விநாடி நீடித்திருந்தால் கட்டமைப்பு முழுவதும் சரிந்திருக்கும். 2011 பிப்ரவரியிலும் இதே போல் உறைந்து மின்வெட்டு வந்தது. எந்திரங்கள் உறையாமல் குளிர்காப்பு செய்யுங்கள் என்று அப்போதே பரிந்துரைத்தார்கள். பத்து ஆண்டுகள் அதைக் கிடப்பில் போட்டதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். அதன்பின் சட்டம் வந்து குளிர்காப்பு கட்டாயமாயிற்று, நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் பனிக்கட்டி ஏறிய கிளை ஒன்று உங்கள் தெருக்கம்பியில் விழுந்தால் போதும். எனவே ஆயத்தமாகவே இருங்கள்.

பியர்லேண்ட், செவிலியர்
இதைத் தயவுசெய்து எல்லோரும் படியுங்கள். குளிர் தாங்காமல் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டியவர்கள், மூடிய கராஜில் காரை ஓடவிட்டு உட்கார்ந்தவர்கள் என்று குடும்பம் குடும்பமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் உடனே வெளியே வந்து அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து இருபதடி தள்ளித்தான் இருக்க வேண்டும். எரிவாயு அடுப்பும் சமைக்க மட்டும்தான், அறையைச் சூடாக்க அல்ல. பேட்டரியில் இயங்கும் எச்சரிக்கைக் கருவியை இன்றே வாங்குங்கள்.

கைக்குழந்தைக்கு உடையை அடுக்கடுக்காகப் போடுங்கள். தூங்கும்போது தளர்ந்த கம்பளி வேண்டாம்.

சைப்ரஸ்
தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலையை உள்ளே எடுத்துவிடுங்கள். தரையில் இருந்தால் அடித்தண்டைச் சுற்றி இலைச்சருகைக் குவித்துத் துணியால் மூடுங்கள். மேலே கருகினாலும் பிடுங்க வேண்டாம். எங்கள் முருங்கையும் கறிவேப்பிலையும் வேரிலிருந்து மறுபடி துளிர்த்தன.

கேட்டி
எல்லோருக்கும் நன்றி. எச்சரிக்கைக் கருவி வாங்கிவிட்டோம், எதிர்வீட்டில் எரிவாயு அடுப்பு இருக்கிறதாம். வால்வு மட்டும் அசையவில்லை. கடையில் சாவியும் தீர்ந்துவிட்டது. அருகில் யாரிடமாவது இருக்கிறதா?

சுகர்லேண்ட்
என்னிடம் இருக்கிறது. இன்று மாலை ஆறு மணிக்குக் கொண்டுவருகிறேன் அம்மா. பலம் கொடுத்துத் திருப்பிவிடாதீர்கள், உடைந்துவிடும். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.