டேலி கணக்கு டேட்டா முழுக்க லாக் ஆகிவிட்டது, பேக்கப்பும் போச்சு. வழி இருக்கிறதா?

மண்டிக்காரன்:
ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறோம். இன்று காலை கம்ப்யூட்டரைப் போட்டால் டேலியில் கம்பெனி பெயரே வரவில்லை. ஃபோல்டரைத் திறந்தால் ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் சம்பந்தமில்லாத நாலு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. டெஸ்க்டாப்பில் பிட்காயின் கேட்டு ஒரு நோட்பேட் ஃபைல். தினமும் சாயங்காலம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுப்போம். ஆனால் அதைக் கழற்றும் வழக்கமே இல்லை, வாங்கிய நாளிலிருந்து சிபியு பின்னால்தான் தொங்குகிறது. அதிலும் இதே கதை. விவசாயிகளுக்குத் தர வேண்டிய பாக்கிக் கணக்கெல்லாம் இதில்தான். கேட்ட பணத்தைக் கட்டிவிடலாமா என்கிறார் அப்பா.

ஒயர்மேன்:
இது ரான்சம்வேர், ஃபைலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். முதலில் நெட் வரும் லேன் ஒயரைப் பிடுங்குங்கள். ஃபார்மட் மட்டும் வேண்டாம். சர்வீஸ் பையன் வந்ததும் அதைத்தான் செய்யப் பார்ப்பான். பூட்டிய ஃபைல் ஒன்றிரண்டையும் அந்த நோட்டையும் காப்பி எடுத்து, இப்படிப் பூட்டியதைத் திறக்க உதவும் 'நோ மோர் ரான்சம்' தளத்தில் ஏற்றிப் பாருங்கள். 2016-ல் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் சேர்ந்து தொடங்கியது, நம்பலாம். சில வகைகளுக்கு இலவசமாகவே சாவி கிடைக்கும், எல்லாவற்றுக்கும் இல்லை. பணம் கட்டினாலும் சாவி வருமென்று உறுதி கிடையாது. சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.
வெளியிலிருந்து இந்தக் கம்ப்யூட்டரை இயக்க ரிமோட் டெஸ்க்டாப் திறந்து வைத்திருந்தீர்களா?

மண்டிக்காரன்:
ஆமாங்கண்ணா, ஆடிட்டர் ஆபீஸில் இருந்து பார்ப்பதற்காக. பாஸ்வேர்ட் கடைப் பெயரும் 123-ம். அந்தத் தளத்தில் எங்கள் வகைக்குச் சாவி இல்லையாம். கூகுள் டிரைவிலும் பேக்கப் ஃபோல்டர் சிங்க் ஆகிறது, ஆனால் அங்கேயும் பூட்டிய ஃபைல்தான் ஏறியிருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
சிங்க் அப்படித்தான் தம்பி, இங்கே கெட்டால் அங்கேயும் கெடும். ஆனால் பதறாதீர்கள். வேறொரு கம்ப்யூட்டரில் டிரைவைத் திறந்து ட்ராஷைப் பாருங்கள், அழிந்தது 30 நாள் அங்கே கிடக்கும். அங்கே இல்லையென்றால் ஃபைல்மேல் ரைட் கிளிக் செய்து 'மேனேஜ் வெர்ஷன்ஸ்' போங்கள். பழைய பதிப்பும் பொதுவாக 30 நாள் இருக்கும். அப்புறம் கூகுள் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள்.

மண்டிக்காரன்:
ட்ராஷில் கிடைத்தது! வெள்ளிக்கிழமை பேக்கப். லேப்டாப்பில் ரீஸ்டோர் செய்து பார்த்தேன், திறந்துவிட்டது. சனிக்கிழமை பேக்கப் எடுக்க மறந்துவிட்டோம். அன்றைய பில்லை கார்பன் காப்பியில் பார்த்து அப்பா வாசிக்க, நான் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஹார்ட் டிஸ்க் புதிதாக இரண்டு வாங்கியாச்சு. மாற்றி மாற்றி எடுத்து, ஒன்று எப்போதும் வீட்டு பீரோவில் இருக்கும்.

ஒயர்மேன்:
நல்லது. மாதம் ஒருமுறை லேப்டாப்பில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான அந்த 3389 போர்ட்டை மூடினீர்களா?

மண்டிக்காரன்:
மூடியாச்சுங்கண்ணா. பாஸ்வேர்டும் மாற்றியாச்சு. இந்தத் தடவை இங்கே சொல்ல மாட்டேன்.