ஊசலா, ஊஞ்சலா? மைக்கோலெட்டா ஸ்கூட்டரின் தொடக்கிக்கு ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய ஜெர்மன் ஸ்கூட்டர்களைப் பற்றி ஒரு தொடர் எழுதி வருகிறேன். ஹைன்கெல் டூரிஸ்ட்டை எழுதியாயிற்று. விமானம் கட்டிய நிறுவனம், போருக்குப் பிறகு அந்தத் தொழிலுக்குத் தடை வந்ததும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினோடு ஸ்கூட்டர் கட்டிய கதை. சொற்களுக்குப் பஞ்சம் வரவில்லை. சுன்டாப் பெல்லாவில் கால் வைக்கும் தளத்தின் நடுவே எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் வழி ஒன்று உண்டு. 'காற்றுச் சுரங்கம்' என்று எழுதித் தப்பித்துவிட்டேன். மைக்கோலெட்டாவில்தான் மாட்டிக்கொண்டேன்.

வண்டியைப் பற்றி இரண்டு வரி. ட்யூபிங்கன் நகருக்குப் பக்கத்தில் ஃபெஃபிங்கன் என்ற ஊர். அங்கே மைஷ் குடும்பத்தாரின் மைக்கோ நிறுவனம். 1955இல் வந்த மைக்கோலெட்டா, வெஸ்பாவைப் பார்த்துச் செய்த வண்டி இல்லை. வெஸ்பாவுக்குத் தகடே சட்டம். இதில் உள்ளே முழு மோட்டார் சைக்கிளின் குழாய்ச் சட்டம், முன்னால் டெலஸ்கோப்பிக் ஃபோர்க், 14 அங்குலச் சக்கரங்கள். தகடு எல்லாம் மேலே போட்ட சட்டை மட்டும்தான். எஞ்சின் ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். 174, 247, 277 கன செ.மீ. என்று மூன்று அளவில் வந்தது.

சிக்கல் அதன் செல்ஃப் ஸ்டார்ட்டரில். காரில் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் சின்னப் பல்சக்கரம், எஞ்சினுக்குப் பெரிய பல்சக்கரம். மோட்டார் பத்துச் சுற்றுக்கு மேல் சுற்றினால் எஞ்சின் ஒரு சுற்று சுற்றும். அதனால் சின்ன மோட்டாரே போதும். மைக்கோலெட்டாவில் பல்சக்கரமே கிடையாது. பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டின் நுனியில் இருக்கும், மின்சாரம் எடுக்கும் டைனமோவே ஸ்டார்ட்டரும். ஒன்றுக்கு ஒன்று. ஒரு பெரிய டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் வாயுவை அமுக்கும்போது வரும் தடையை, நேராகத் தாண்டும் வலு அதற்கு இல்லை.

அதற்கு ஜெர்மன் மின்சாதன நிறுவனமான பாஷ் கண்டுபிடித்த வழிதான் வேடிக்கை. சாவியைத் திருப்பினால் கிராங்க் முதலில் பின்னோக்கிச் சுற்றும். பிஸ்டன் ஏறி, கம்ப்ரஷன் தடுக்கும் இடத்தில் தண்டோடு சுற்றும் ஒரு புடைப்பு (கேம்) மின்தொடர்பு முனையை (பாயிண்ட்) தட்டும். மின்னோட்டம் திசை மாறும். அமுங்கிய வாயுவும் பிஸ்டனைத் திருப்பித் தள்ளும், மோட்டாரும் அதே பக்கம் தள்ளும். கிராங்க் கீழ்ப்பக்கமாகச் சுற்றிவந்து முன்னோக்கி ஏறும். பிளக்கில் பொறி விழுவது இந்த முன்வீச்சில் மட்டும். பற்றினால் வண்டி ஓடும். பற்றாவிட்டால் மறுபடி பின்னால், மறுபடி முன்னால்.

ஜெர்மானியர் இதைப் 'பெண்டல்' ஸ்டார்ட்டர் என்கிறார்கள். அப்படியே பெயர்த்தால் 'ஊசல் தொடக்கி'. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஊசல் என்றதும் பள்ளிக்கூடத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்ட குண்டு நினைவுக்கு வருகிறது. அது ஒருமுறை இழுத்துவிட்டால் தானே ஆடும், கொஞ்சம் கொஞ்சமாக ஓயும். இங்கே எதுவும் தொங்கவில்லை, ஓயவும் இல்லை. ஒவ்வொரு முனையிலும் ஒருவர் நின்று உந்திவிடுகிறார். அது ஊஞ்சல்தானே? 'ஊஞ்சல் தொடக்கி' என்று எழுதலாமா?

*

அம்மையீர்,

விளக்கம் தெளிவு. முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை.

தாங்கள் ஊசலையும் ஊஞ்சலையும் இரண்டு பொருளாகப் பிரிக்கிறீர்கள். இரண்டும் ஒன்றே. பெண்பாற் பிள்ளைத்தமிழில் கடைசியாக வருவது ஊசல் பருவம். அங்கே யாரும் நூலில் குண்டு கட்டவில்லை; பெண்பிள்ளை ஊஞ்சல் ஆடுகிறாள். பொன்னூசல் என்றால் பொன்னாலான ஊஞ்சல். பாடநூலார் பிறகு வந்து, பழைய ஊஞ்சலின் பெயரை எடுத்துக் குண்டுக்கு வைத்தார்கள். ஆக 'ஊசல் தொடக்கி' என்றால் ஜெர்மன் சொல்லுக்கும் நேர், தாங்கள் கேட்கும் பொருளும் உள்ளே இருக்கிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

இயற்பியலாகவும் பார்த்துவிடுவோம். முப்பது ஆண்டு அதை நடத்தியவன், சும்மா இருக்க முடியவில்லை. அலைவுக்கு ஈர்ப்பு விசைதான் வேண்டும் என்பதில்லை, மீள்விசை இருந்தால் போதும். இங்கே அமுங்கிய வாயு வில்லைப் போல மீள்விசை தருகிறது. இந்த எஞ்சினில் எந்தப் பக்கம் சுற்றினாலும் பிஸ்டன் மேலே ஏறும்போது கம்ப்ரஷன் உண்டு. எனவே இரண்டு முனையிலும் ஒரே சுவர். இப்படி ஓர் ஊசலை நான் வகுப்பில் காட்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. 'தொடக்கி' என்று எழுதியது நன்று. 'துவக்கி' வேண்டாம். இலங்கை நண்பர்களுக்குத் துவக்கு என்றால் துப்பாக்கி.

கடைசியாக, எந்தச் சொல்லை எடுத்தாலும் புணர்ச்சியைக் கவனியுங்கள். கல் + தூண் கற்றூண் ஆவது போல, ஊசல் + தொடக்கி 'ஊசற்றொடக்கி'. தங்கள் சொல்லானால் 'ஊஞ்சற்றொடக்கி'.

*

அக்கா, ஐயா, இருவருக்கும் வணக்கம். நான் கோவையில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். குழுவில் பெரும்பாலும் படிப்பதோடு சரி. இன்றைக்கு வாய் நிற்கவில்லை.

ஊசற்றொடக்கி என்று கஸ்டமரிடம் சொன்னால் ஏதோ ஊசிப்போய்விட்டது என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ஐயா மன்னிக்க வேண்டும்.

எங்கள் பக்கம் இது எல்லாமே 'செல்ஃப்'தான். செல்ஃப் எடுக்கவில்லை, செல்ஃப் அடித்துப் பார், செல்ஃப் மோட்டார் போச்சு. ஆனால் அக்கா சொல்கிற வண்டிக்கு அது போதாது என்பது புரிகிறது. சாதாரண செல்ஃப் ஒரே பக்கம்தான் சுற்றும்.

முன்வீச்சில் மட்டும் பொறி என்றீர்களே, அதன் அருமை டூ ஸ்ட்ரோக் பார்த்தவனுக்குத்தான் தெரியும். டூ ஸ்ட்ரோக்குக்குத் திசை கிடையாது. வாயு போய்வரும் துளையை, அதாவது போர்ட்டை, பிஸ்டனே திறந்து மூடுகிறது. வால்வு இல்லை, கேம்ஷாஃப்ட் இல்லை. தப்பான நேரத்தில் பொறி விழுந்தால் மறுபக்கம் ஓட ஆரம்பித்துவிடும். என் ஷெட்டிலேயே ஒருமுறை பாயிண்ட் டைமிங் மாறிப்போன பழைய வண்டி ஒன்றைப் பையன் ஸ்டார்ட் செய்தான். சத்தம் எல்லாம் சுத்தமாக இருந்தது. ஃபர்ஸ்ட் கியர் போட்டுக் கிளட்சை விட்டான், வண்டி பின்னால் வந்து டூல் டப்பாவில் மோதியது. பின்வீச்சிலும் பொறி விழுந்தால் உங்கள் ஜெர்மன் வண்டிக்கும் அதே கதிதான். முன்வீச்சில் மட்டும் பொறி விழும்படி செய்தவன் கைதேர்ந்தவன்.

ஒரு யோசனை. பின்னால் போய் வேகம் எடுத்து முன்னால் வருவது எதற்கு? முட்டுவதற்கு முன் கடா பின்வாங்குகிற மாதிரிதானே? 'கடாத் தொடக்கி' என்று வைத்தால் என்ன? ஐயாவுக்கு இலக்கியச் சொல் வேண்டுமானால் 'தகர்'.

இது செத்த டெக்னிக் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது வரும் ஸ்கூட்டர்களில் கிரீச் சத்தம் இல்லாமல் ஸ்டார்ட் ஆகிறதே, அதில் ஏசிஜி ஸ்டார்ட்டர். அதுவும் பல்சக்கரம் இல்லாமல் கிராங்க்கிலேயே உட்கார்ந்திருக்கிறது; ஸ்டார்ட்டரும் அதுவே, சார்ஜ் போடுவதும் அதுவே. ஹோண்டா பிசிஎக்ஸில் அது கிராங்க்கை முதலில் கொஞ்சம் பின்னால் சுற்றி வைத்துக்கொண்டு, அப்புறம் முன்னால் ஓடவிட்டுக் கம்ப்ரஷனைத் தாண்டும்.

*

தம்பி, இத்தனை நாள் ஏன் எழுதாமல் இருந்தீர்கள்?

கடா எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மைக்கோலெட்டாவுக்கு அது பொருந்தாது என்றுதான் படுகிறது. கடா ஒருமுறை பின்வாங்கும், ஒருமுறை பாயும். பிசிஎக்ஸ் செய்வது அதுதான். அதற்கு வைத்துக்கொள்ளலாம். மைக்கோலெட்டாவோ பின்னும் முன்னும் மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கிறது, பொறி பற்றுகிற வரைக்கும். பின்வாங்குவது அதற்கு ஆயத்தம் மட்டும் இல்லை, ஆட்டத்தில் பாதி. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் நாளைக்கு யாராவது பிசிஎக்ஸ் பற்றி எழுதும்போது குழம்பும். ('தகர்' வேண்டாம். 'தகர் தொடக்கி' என்றால் தொடக்கியைத் தகர்த்துவிடு என்று கேட்கிறது.)

டூ ஸ்ட்ரோக்குக்குத் திசை இல்லை என்றீர்களே, அதையே தெரிந்து பயன்படுத்திய வண்டி ஒன்று அதே நாட்டில், அதே காலத்தில் இருந்தது. மெஸ்ஸர்ஷ்மிட் கேஆர்200, மூன்று சக்கரக் குட்டிக் கார், 191 கன செ.மீ. சாக்ஸ் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அதில் ரிவர்ஸ் கியரே கிடையாது. பின்னால் போக வேண்டுமா, எஞ்சினை அணைத்துவிட்டு மறுதிசையில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இதனால் நான்கு கியரும் பின்னோக்கிக் கிடைத்தன! உங்கள் ஷெட்டில் விபத்தாக நடந்தது அங்கே வசதியாக இருந்திருக்கிறது.

ஐயா, உங்கள் வாதத்தையே உங்களிடம் திருப்புகிறேன், கோபிக்க வேண்டாம். ஊசலும் ஊஞ்சலும் ஒன்று என்கிறீர்கள். அப்படியானால் இன்று பேச்சில் உயிரோடு இருக்கும் வடிவம் எது? வீட்டுத் திண்ணையில் ஆடுவது ஊஞ்சல். ஊசல் என்றால் தம்பி சொன்னதுபோல் நேற்று வைத்த குழம்பு. இல்லையென்றால் ஆய்வகத்துக் குண்டு. பழைய சொல்லின் பொருள்தான் வேண்டும் என்றால், அந்தப் பொருள் இன்றைக்கு எங்கே குடியிருக்கிறதோ அங்கேதான் போய் எடுக்க வேண்டும்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. ஸ்டார்ட்டரும் டைனமோவுமான அந்த ஒரே பொறிக்கு ஜெர்மானியர் 'டைனாஸ்டார்ட்' என்று பெயர் வைத்தார்கள். கேஆர்200இல் இருந்ததும் அதுதான். ஆனால் அது ஊஞ்சல் ஆடவில்லை, முழுச் சுற்றாகச் சுற்றியது. ஆகவே இது பொதுச்சொல், ஊஞ்சல் அதில் ஒரு வகை. டைனாஸ்டார்ட்டின் உள்ளே இரண்டு விதச் சுருள்கள். தடிமனான கம்பியில் சில சுற்றுகள், அவை எஞ்சினைக் கிளப்ப; மெல்லிய கம்பியில் பல சுற்றுகள், அவை மின்சாரம் எடுக்க. 'தொடக்கி மின்னியற்றி' என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் தடுக்குகிறது.

*

அம்மையீர்,

கோபம் இல்லை. திண்ணை ஊஞ்சல் வாதம் வலுவானது. பிள்ளைத்தமிழை ஸ்கூட்டருக்குள் இழுத்துவந்தவன் நான். அதை அங்கேயே விட்டுவிடுகிறேன். ஊஞ்சல் என்றே இருக்கட்டும்.

இரண்டாவது சொல்லுக்கு: தொடக்கு + இயற்றி = தொடக்கியற்றி. உகரம் கெட்டுப் புணர்கிறது, இலக்கணம் சுத்தம். எழுத்தைக் கூட்டிப் பாருங்கள். முன்பாதியில் 'தொடக்கி' நிற்கிறது, பின்பாதியில் 'இயற்றி' ஒலிக்கிறது. கிராங்க்கின் நுனியில் ஒரே பொறி இரண்டு வேலை செய்வது போல, நடுவில் உள்ள 'கி' இரண்டு சொல்லுக்கும் வேலை செய்கிறது. 'மின்' விடுபட்டதே என்று கேட்பார்கள். டைனமோ என்ற சொல்லிலும் மின்சாரம் இல்லை, அது கிரேக்கத்தில் ஆற்றல்தான்.

ஊஞ்சற்றொடக்கியைப் பற்றித் தாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

*

ஐயா, தொடக்கியற்றி அபாரம். மறுபேச்சே இல்லை, எடுத்துக்கொள்கிறேன்.

ஊஞ்சற்றொடக்கியைப் பற்றி வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டேன். சேர்த்து எழுதினால் ஊஞ்சலும் தெரியவில்லை, தொடக்கியும் தெரியவில்லை. புதுச்சொல் கொஞ்ச நாள் இடைவெளி விட்டு நிற்கட்டும். பழகிய பிறகு அதுவே சேர்ந்துகொள்ளும். 'ஊஞ்சல் தொடக்கி' என்று பிரித்தே எழுதுகிறேன். இதற்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

கட்டுரையில் போகப்போகும் பத்தி:

"மைக்கோலெட்டாவின் கிராங்க் தண்டில் பல்சக்கரம் இல்லாமல் நேரே பொருத்திய தொடக்கியற்றி ஒன்று உண்டு. கம்ப்ரஷனை ஒரே மூச்சில் தாண்டும் வலு அதற்கு இல்லை. அதனால் அது கிராங்க்கைப் பின்னும் முன்னும் ஊஞ்சல் போல ஆட்டுகிறது. ஒவ்வொரு முனையிலும் அமுங்கிய வாயு அதைத் திருப்பித் தள்ள, முன்வீச்சில் பொறி விழுகிறது. இதுவே ஊஞ்சல் தொடக்கி."

ஒரே ஓர் இடத்தில் பேனா நிற்கிறது. அடுத்த வரியில் ஓட்டுநர் சாவியைத் திருப்புகிறார். 'தொடக்கியை இயக்கினார்' என்றால் அரசாணை மாதிரி இருக்கிறது. 'செல்ஃப் அடித்தார்' என்றால் அடுத்த ஆள் சண்டைக்கு வருவார். வினைச்சொல் என்ன?

*

அக்கா, ஊஞ்சலை யாரும் இயக்கவும் மாட்டார்கள், அடிக்கவும் மாட்டார்கள். 'சாவியைத் திருப்பி ஆட்டிவிட்டார்' என்று எழுதுங்கள்.